சமநிலைக் கலத்துக்குள் புகுந்த எஞ்சின் அறைக் காற்று: ஒரு பழுதுநீக்கப் பதிவு

சரக்குக் கப்பலொன்றின் எஞ்சின் அறையில் பொருத்தப்பட்டு, கப்பல் செல்லும் வழியெல்லாம் கடல்நீரின் கரியமில வாயு அழுத்தத்தை அளந்துவரும் கருவித் தொகுதி ஒன்று, நெடுங்காலமாகக் கூடுதலாகவே காட்டிவந்த அளவை இப்போது சரியாகக் காட்டுகிறது. தொகுதியிலேயே விலை மிகுந்த உறுப்பான, வாயுவின் செறிவை அளக்கும் பகுப்பானில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு இருந்த இடங்கள் ஒரு வடிகால் குழாயும், அடைபட்ட ஒரு சிறிய தெளிப்பு முனையும்தான். இவ்விரண்டும் தனித்தனியே நேர்ந்திருந்தால் அளவு இவ்வளவு விலகியிருக்காது. சேர்ந்து நேர்ந்ததால்தான் கண்டுபிடிப்பதும் கடினமாயிற்று. இதே வகைக் கருவியைப் பராமரிப்பவர்களுக்கு உதவும் என்பதால், தேடிய வரிசையையும் வீணாய்ப்போன வேலைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அமைப்பு. கப்பலின் அடிப்பகுதியிலுள்ள சீ செஸ்டிலிருந்து (கடல்நீரை உள்ளே எடுக்கும் பெட்டி போன்ற அறை) கடல்நீர் ஒரு வடிகட்டியையும் பம்பையும் கடந்து சமநிலைக் கலத்துக்கு வருகிறது. கலம் என்பது ஓர் அக்ரிலிக் உருளை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டர் வீதம் வரும் நீர், மேலேயுள்ள தெளிப்பு முனை வழியாகப் பூவாளி நீர்போலச் சிதறி விழுகிறது. நீருக்கு மேல் அடைபட்டிருக்கும் சுமார் 0.8 லிட்டர் காற்று, சிதறும் நீரிலுள்ள கரியமில வாயுவோடு சில நிமிடங்களில் சமநிலைக்கு வந்துவிடும். அந்தக் காற்றைக் குளிர்வித்து, உலர்த்தி, அகச்சிவப்புப் பகுப்பானுக்குள் செலுத்தி, மீண்டும் கலத்துக்கே அனுப்புகிறோம். ஏறத்தாழ 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, செறிவு துல்லியமாகத் தெரிந்த நான்கு அளவுத்திருத்த வாயுக்கள் சிலிண்டர்களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பகுப்பானுக்குள் வருகின்றன. கப்பலின் முன்முனையிலிருந்து இழுக்கப்படும் வெளிக்காற்றும் இடையிடையே அளக்கப்படுகிறது. எந்த வாயு எப்போது பகுப்பானுக்குள் போக வேண்டும் என்பதை ஒரே ஒரு பலவழி வால்வு தீர்மானிக்கிறது. பழுது தேடுகையில் இந்த வால்வே எங்களுக்கு எல்லைக்கோடாக உதவியது.

கலத்துக்குள் அழுத்தம் அறையின் அழுத்தத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதால், கலத்துக்கு ஒரு வென்ட், அதாவது காற்று போய்வரும் திறப்பு, உண்டு. அதை நேரடியாக அறைக்குள் திறந்துவிட்டால், உள்ளே காற்று குறையும்போதெல்லாம் எஞ்சின் அறைக் காற்று உள்ளே வந்துவிடும். அதனால் வென்ட் குழாய் இன்னொரு சிறு கலத்தின் வழியாகப் போகிறது. அதற்குள்ளும் கடல்நீர் தெளிக்கப்படுவதால், உள்ளே வரும் காற்று பெரிய கலத்தை அடையும் முன்பே கடல்நீரின் அளவுக்குப் பெரும்பாலும் பழகிவிடும். துணைக் கலம் என்று நாங்கள் அழைக்கும் இதை யாரும் அடிக்கடி திறந்துபார்ப்பதில்லை.

கப்பலில் எங்கள் ஆள் யாரும் பயணம் செய்வதில்லை. தினமும் ஒருமுறை செயற்கைக்கோள் வழியாக வரும் கோப்பில் அளவுகளோடு நீரோட்டம், வெப்பநிலைகள், அழுத்தங்கள், வாயு ஓட்டம் ஆகியவையும் இருக்கும். கோளாறு முதலில் தெரிந்தது அந்தக் கோப்புகளில்தான். முந்தைய ஆண்டுகளில் அதே பாதையில், அதே பருவத்தில் பதிவான அளவுகளைவிட இவை 5 முதல் 15 மைக்ரோ அட்மாஸ்பியர் (வளிமண்டல அழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோ அட்மாஸ்பியர்) வரை கூடுதலாக இருந்தன. கூடுதல் ஒரே சீராக இருந்திருந்தால், கடலே அந்த ஆண்டு மாறிவிட்டது என்று எண்ணியிருக்கலாம். ஆனால் வரைபடத்தில் திடீர்ப் படிகள் தெரிந்தன. கடல்நீரின் வெப்பநிலையும் உப்புத்தன்மையும் சற்றும் மாறாத இடத்தில், சில நிமிடங்களுக்குள் அளவு 10 மைக்ரோ அட்மாஸ்பியருக்கு மேல் ஏறி, பல மணி நேரம் அங்கேயே நின்று, அதேபோல் திடீரென இறங்கியது.

இந்த அளவு விலகலைப் பொறுத்துக்கொள்ள முடியாது. உலகளாவிய கடற்பரப்புத் தரவுத் தொகுப்பான சோகாட்டில் உயர்தரக் குறியீடு பெற, பிழை 2 மைக்ரோ அட்மாஸ்பியருக்குள் இருக்க வேண்டும். மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சுகிறது என்றாலும், கடலுக்கும் காற்றுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு உலகச் சராசரியில் சில மைக்ரோ அட்மாஸ்பியர் மட்டுமே. 10 மைக்ரோ அட்மாஸ்பியர் பிழை இருந்தால், உறிஞ்சும் கடற்பகுதியை வெளிவிடும் பகுதியாகவே காட்டிவிடக்கூடும்.

எல்லோரும் முதலில் சந்தேகிப்பது பகுப்பானைத்தான். நாங்களும் அவ்வாறே செய்தோம். கப்பல் துறைமுகத்தில் நின்ற சில மணி நேரங்களில் பகுப்பானின் உறிஞ்சு வேதிப்பொருள்களை மாற்றினோம், காற்று வடிகட்டியைப் புதிதாக்கினோம், பூச்சியத்தையும் மேல் அளவையும் மறுபடி நிறுவினோம். அடுத்த பயணத்தில் படிகள் அப்படியே இருந்தன. உண்மையில் இந்த வேலைக்குத் தேவையே இல்லை என்பதற்கான சான்று கோப்புகளிலேயே கிடந்தது: நான்கு அளவுத்திருத்த வாயுக்களும் தம் உரிய மதிப்பிலிருந்து 1 பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவாகவே விலகியிருந்தன, முன்முனைக் காற்று அளவோ நடுக்கடலில் எதிர்பார்ப்பதுபோல் அலைவின்றி இருந்தது. வால்வுக்குப் பின்னால் வரும் உலர்த்தி, குழாய், பகுப்பான் எல்லாவற்றையும் இந்த வாயுக்களும் கடந்துதானே வருகின்றன? அவை சரியாக இருந்து கடல்நீர்க் காற்று மட்டும் பிழைபட்டால், கோளாறு வால்வுக்கு முன்னால், கலத்தின் பக்கம்தான் இருக்க முடியும்.

அடுத்த சந்தேகம் வெப்பமானியின் மேல் விழுந்தது. கடல்நீர் 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அதன் கரியமில வாயு அழுத்தம் 4.23 விழுக்காடு உயரும் என்பது தகஹாஷி குழுவினர் 1993-இல் வெளியிட்ட கெழு. இன்றும் அதையே பயன்படுத்துகிறோம். உள்ளிழுக்கும் இடத்திலிருந்து கலத்துக்கு வருவதற்குள் நீர் சிறிது சூடாவதால், இரு இடங்களிலும் வெப்பநிலையை அளந்து திருத்துகிறோம். ஏதேனும் ஒரு வெப்பமானி பொய் சொன்னால் விடை முழுதும் கெடும். ஆனால் 390 என்ற அளவில் 15 கூடுவதற்கு ஏறக்குறைய 0.9 டிகிரி பிழை வேண்டும். கலத்து வெப்பமானியைக் கழற்றி, அளவுத்திருத்தம் செய்த ஒப்பீட்டு வெப்பமானியோடு சேர்த்து வெப்பக் காப்புள்ள குடுவை நீரில் அமிழ்த்தி, கிளறிக்கொண்டே பத்து நிமிடம் பார்த்ததில் இரண்டுக்கும் இடையே 0.02 டிகிரிதான் வேறுபாடு. அழுத்தமானியும் தப்பித்தது: 1 ஹெக்டோ பாஸ்கல் பிழை இருந்தாலும் விடையில் 0.4 மைக்ரோ அட்மாஸ்பியர்தான் மாறும். இங்கோ கலத்துக்கும் அறைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு எப்போதும் பூச்சியத்தை ஒட்டியே இருந்தது. அந்தப் பூச்சியம் எங்களைத் திசைதிருப்பிய ஒன்று. வென்ட் திறந்திருந்தால், அதன் வழியே எவ்வளவு காற்று உள்ளே ஓடினாலும் அழுத்த வேறுபாடு தெரியாது. அழுத்தம் சரியாக இருப்பதால் கலமும் சரியாக இருக்கிறது என்று கொள்ள முடியாது.

துப்புக் கிடைத்தது கருவியில் அன்று; எஞ்சின் அறையின் லாக் புத்தகத்தில். கப்பல் குளிர்ந்த பகுதிகளுக்குள் போகும்போது அறை மிகவும் குளிர்ந்துவிடாதிருக்கக் காற்றோட்ட விசிறிகளில் சிலவற்றை நிறுத்துவார்கள் என்று இரண்டாம் பொறியாளர் பேச்சுவாக்கில் சொன்னார். நிறுத்திய நேரங்களும் ஓடவிட்ட நேரங்களும் அந்தப் புத்தகத்தில் கையால் எழுதப்பட்டிருந்தன. அவற்றை எங்கள் வரைபடத்தின் மேல் குறித்தபோது, ஒவ்வொரு படியும் ஒரு விசிறி மாற்றத்தின்மேல் பொருந்தியது. விசிறி நின்றதற்காகக் கடல்நீரின் கரியமில வாயு மாறப்போவதில்லை. மாறுவது எஞ்சின் அறைக் காற்று. ஆகவே அறைக் காற்று எங்கோ கலத்துக்குள் நுழைகிறது.

அடுத்த துறைமுகத்தில் கசிவைத் தேடினோம். இதற்குச் சிறந்த கருவி ஆளின் மூச்சு. வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு ஏறக்குறைய 4 விழுக்காடு, அதாவது 40,000 பிபிஎம். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாய் இணைப்பின்மேலும் ஊதி, பகுப்பானின் எண்ணை இன்னொருவர் பார்க்க வேண்டும். வாயு கடந்துவர நேரமாகும் என்பதால் ஒவ்வொரு இணைப்புக்கும் பின் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் இணைப்பில் ஊதும்போது முதலாம் இணைப்பின் கசிவு தெரிந்து, சரியாக இருப்பதைக் கழற்ற நேரிடும். 40 டிகிரியைத் தாண்டிய அறையில், ஜெனரேட்டர் இரைச்சலில், கையசைவு மூலமே பேசிக்கொண்டு செய்தோம். குழாய் இணைப்புகள், கலத்தின் மூடி, ஓ-ரிங் என எதிலும் எண் அசையவில்லை. துணைக் கலத்தின் வெளித் திறப்பில் ஊதியபோது மட்டும் எண் ஏறத் தொடங்கி, நிற்காமல் ஏறிக்கொண்டே போனது.

அங்கே காற்று உள்ளே போவது தெரிந்துவிட்டது. எவ்வளவு போகிறது என்பதை அளக்க வேண்டியிருந்தது. அவ்வளவு குறைந்த ஓட்டத்தைக் காட்டும் ஓட்டமானி கையில் இல்லை. 10 மில்லி லிட்டர் குறியிட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றைத் துணைக் கலத்தின் திறப்பில் சிலிக்கோன் குழாயால் இணைத்து, மறுமுனையில் சோப்பு நீரைத் தொட்டு ஒரு சவ்வு உண்டாக்கினோம். சவ்வு உடனே உள்நோக்கி நகர்ந்தது. முதல் குறியிலிருந்து கடைசிக் குறி வரை ஓட 20 விநாடி ஆனது. பலமுறை செய்தும் ஒரு விநாடிக்கு மேல் வேறுபடவில்லை. அப்படியென்றால் நிமிடத்துக்கு 30 மில்லி லிட்டர். கலத்தின் காற்று 800 மில்லி லிட்டர். அது சமநிலையை எட்டும் கால அளவு ஏறக்குறைய 2 நிமிடம். விசிறி நின்றிருந்தபோது அறையில் கையடக்க அளவி 600 பிபிஎம் காட்டியது. இவற்றை வைத்துக் கணக்கிட்டால், கடல்நீர் 390 ஆக இருக்கும்போது கலம் சுமார் 15 கூடுதலாகக் காட்டும். விசிறி ஓடி அறை 450 பிபிஎம்முக்கு இறங்கினால் கூடுதல் 4 ஆகிவிடும். வரைபடத்துப் படிகளும் ஏறக்குறைய இந்த உயரமே. துணைக் கலம் அறவே வேலை செய்யவில்லை என்று கொண்டால்தான் கணக்கு இப்படிப் பொருந்தும் என்பதால், அடுத்துத் திறக்க வேண்டியது எது என்பதில் ஐயமில்லை.

திறப்பதற்கு முன் அனுமதி. கடல்நீர் இணைப்பு எதைக் கழற்றுவதென்றாலும் தலைமைப் பொறியாளரின் வேலை அனுமதிச் சீட்டு வேண்டும். சீ செஸ்ட் பக்கம் இரண்டு வால்வுகளை மூடி, பூட்டி, அட்டை மாட்ட வேண்டும். இதற்கே துறைமுக நேரத்தில் கணிசமான பகுதி போய்விடும். ஆனாலும் நீர்மட்டத்துக்குக் கீழே வேலை செய்யும்போது இதைச் சுருக்கக் கூடாது.

துணைக் கலத்தின் மூடியைக் கழற்றியபோது தெளிப்பு முனையில் துளையே தெரியவில்லை. குழாயின் உட்சுவரிலிருந்து உரிந்த துருச் செதில்கள், விரல் நகத்தின் பாதி அளவில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, அவற்றின் இடுக்குகளில் சிறு சிப்பி ஓட்டுத் துணுக்குகள் சிக்கியிருந்தன. செதில்களின் மேல் பழுப்பு நிற வழவழப்பு. தெளிப்பு நின்று நீர் சுவரோரமாக ஒரே கம்பியாக வழிந்திருக்கிறது. அந்தச் சுவடு அக்ரிலிக்கில் தெளிவாக இருந்தது. பெரிய கலத்தின் முனையோ சுத்தமாக இருந்தது. பெரிய முனைக்குப் போகும் ஓட்டத்துக்கு மட்டும் ஓட்டமானி உண்டு. சிறிய கிளைக்கு இல்லை. அதனால்தான் கோப்புகளில் நீரோட்டம் எப்போதும் சரியாகவே தெரிந்திருக்கிறது.

முனை அடைபட்டது மட்டும் போதாது. கலத்திலிருந்து காற்று வெளியே போனால்தான் வென்ட் வழியே அறைக் காற்று உள்ளே வரும். அந்த 30 மில்லி லிட்டர் எங்கே போகிறது? வடிகாலைப் பார்த்தோம். கலத்தின் அடியிலுள்ள யு வடிவ வளைவுக்குப் பின் முன்பு குட்டையான குழாய் இருந்தது. ஏதோ ஒரு பராமரிப்பின்போது அதை நீளமான, செங்குத்தாக இறங்கும் குழாயாக மாற்றியிருந்தார்கள். மாற்றியவர்களுக்கு நீர் ஒழுங்காக வடிகிறது என்பதே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் நீண்ட செங்குத்துக் குழாய் முழுதும் நிரம்பும்போது சைஃபனாகி, அதாவது இறங்கும் நீரின் எடையே உறிஞ்சும் விசையாகி, வளைவிலுள்ள நீரை இழுத்து, கூடவே கலத்துக் காற்றையும் குமிழிகளாக இழுத்துச் செல்லும். குழாயில் கைவைத்தபோது நீரோட்டம் சீராக இல்லாமல் விட்டுவிட்டுத் துடிப்பது தெரிந்தது. டார்ச் வெளிச்சத்தை அதன் பின்னால் பிடித்ததும் குமிழிகளும் தெரிந்தன.

சரிசெய்வது எளிது. யு வளைவுக்கு அடுத்து ஒரு டி இணைப்பைப் பொருத்தி, அதன் மேல்வாயில் ஒரு நிமிர்ந்த குழாயை, கலத்து நீர்மட்டத்துக்கு மேலே 30 சென்டிமீட்டர் உயரத்தில் திறந்தபடி விட்டோம். இனி செங்குத்துக் குழாய் இழுத்தாலும் அங்கிருந்துதான் காற்று வரும். வளைவின் நீர் அசையாது. குழாய்களைத் துருப்பிடிக்காத கிளிப்புகளால் ஒவ்வொரு முனையிலும் இரட்டையாக இறுக்கினோம். அதிர்வில் ஒற்றைக் கிளிப் தளர்வதை முன்பே பார்த்திருக்கிறோம்.

தெளிப்பு முனையைச் சுத்தம் செய்ய, ஒரு லிட்டர் நன்னீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து அதில் ஊறவைத்தோம். சிப்பி ஓடு கால்சியம் கார்பனேட் என்பதால் அமிலம் பட்டதும் நுரைத்துக் கரைந்தது. துருச் செதில்களை மட்டும் மென்மையான தூரிகையால் தள்ள வேண்டியிருந்தது. கம்பியால் குத்தினால் துளையின் வடிவம் கெட்டுத் தெளிப்பு ஒருபக்கம் சாயும். அமிலத்தில் நுரைப்பது கரியமில வாயுவே ஆதலால், அளவெடுக்கும் முன் நிறைய நீர்விட்டு அலச வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. குழாய்களிலிருந்த வழவழப்புக்கு மிக நீர்த்த பிளீச்சிங் கரைசலைத் தனியாக, அமிலத்தை முற்றாக அலசிய பின்பே ஓடவிட்டோம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். எஞ்சின் அறை போன்ற அடைப்பான இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. வழவழப்பை விட்டுவைத்தால் அதிலுள்ள நுண்ணுயிரிகள் சுவாசித்து நீரில் கரியமில வாயுவைத் தாமே கூட்டும் என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.

சோதனைக்கு மறுபடி சோப்புச் சவ்வு. நீரை ஓடவிட்டு அரைமணி நேரம் கழித்து இணைத்தபோது, 10 மில்லி லிட்டரைக் கடக்கச் சவ்வுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது; நிமிடத்துக்கு 5 மில்லி லிட்டருக்கும் குறைவு. துணைக் கலமும் தெளிப்பதால் அந்த மிச்சம் பொருட்டல்ல. திறப்பில் மூச்சை ஊதியபோது எண் கொஞ்சம் அசைந்து உடனே திரும்பியது. கிளம்பும் முன் சிலிண்டர் இணைப்புகளிலும் சோப்பு நீர் தடவிப் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு சிலிண்டரிலிருந்து 0.4 லிட்டர்தான் செலவாகிறது. 130 பாரில் நிரப்பிய 10 லிட்டர் சிலிண்டர், நாளுக்கு எட்டுத் திருத்தம் என்றாலும் ஏறக்குறைய ஓர் ஆண்டு வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கசிவு அதை ஒரே பயணத்தில் காலி செய்துவிடும். 20 பாருக்குக் கீழே இறங்கிய சிலிண்டரைச் செறிவு மாறக்கூடும் என்பதால் பயன்படுத்துவதில்லை.

அதற்குப்பின் வந்த கோப்புகளில் விசிறி நேரங்களைக் குறித்துப் பார்த்தோம். அறையின் காற்று மாறிய நேரங்களில் கடல்நீர் வரைபடத்தில் படி ஏதும் இல்லை. நீரோட்ட எல்லையொன்றைக் கடக்கும்போது வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும் இயல்பான மாற்றம் மட்டுமே இருந்தது.

பழைய அளவுகளைத் திருத்திவிடலாமே என்று கேட்கலாம். கணக்கு இருக்கிறது, ஆனால் அந்தக் கணக்குக்கு வேண்டிய எஞ்சின் அறைக் காற்றின் அளவு அந்தக் காலத்தில் பதிவாகவே இல்லை. முனை எந்த நாளில் அடைபட்டது என்பதும் தெரியாது. ஆகவே வடிகால் குழாய் மாற்றப்பட்டதாகக் கப்பல் பதிவில் உள்ள நாளிலிருந்து பழுது நீங்கிய நாள் வரை, கடல்நீர் அளவுகள் அனைத்துக்கும் ஐயத்துக்குரியவை என்ற குறியீட்டை இட்டோம். முன்முனைக் காற்றின் அளவுகளுக்குப் பாதிப்பில்லை என்பதால் அவற்றை அப்படியே விட்டுவைத்தோம்.

அடுத்த முறை செய்யப்போகும் மாற்றங்களில் முதலாவது, கலத்தின் அருகே மலிவான ஒரு கரியமில வாயு உணரியைப் பொருத்தி, அறைக் காற்றையும் அதே கோப்பில் பதிவுசெய்வது. அதன் துல்லியம் 30 பிபிஎம் அளவில் இருந்தாலே போதும். அறைக் காற்றும் கலமும் சேர்ந்து ஆடுகின்றனவா என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும். துணைக் கலத்துக்குப் போகும் கிளையில் கழுவிப் பயன்படுத்தக்கூடிய வலைவடிகட்டியும், தெளிப்பு தெரியும்படி ஒளிபுகும் மூடியும் வேண்டும். வடிகால் குழாயை மாற்றும் முன் எங்களுக்குத் தெரிவிக்கும்படி ஓர் உலோகத் தகடு இப்போதே மாட்டியாயிற்று. எண்ணெய்ப் படிவில் காகித அட்டை நிலைக்காது. உதிரி முனைகள் இரண்டையும், அந்தக் குறியிட்ட கண்ணாடிக் குழாயையும், ஒரு சிறு புட்டி சோப்பு நீரையும் கருவிப்பெட்டியின் மேல்தட்டில் நிரந்தரமாக வைத்திருக்கிறோம். வழக்கமான பராமரிப்புப் பட்டியலில் பகுப்பானின் வேதிப்பொருள் மாற்றத்துக்கு முன்னால் சவ்வுச் சோதனையைச் சேர்த்திருக்கிறேன். அதற்கு ஐந்து நிமிடம் போதும், அனுமதிச் சீட்டும் தேவையில்லை.